தினம் 200 ஸ்விங்: இடுப்பு ஏன் பிடிக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 38. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. அலுவலக நண்பர்களோடு 30 நாள் கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) சவாலில் இறங்கினேன். 16 கிலோ குண்டு. அதை இரு கையாலும் பிடித்து, கால்களுக்கு நடுவே பின்னால் விட்டு முன்னால் வீசுவதுதான் ஸ்விங். 50 வீதம் நான்கு செட், தினம் 200 ஸ்விங். காலை ஐந்தரைக்கு எழுந்ததும் செய்துவிடுவேன். ஆறாம் நாளிலிருந்து இடுப்பு பிடித்துக்கொள்கிறது. உள்ளங்கையில் காய்ப்பும் உரிந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு தொடரலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம். நான்கைந்து நாள் குண்டைத் தொடாமல் நடைப்பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ எலும்பு மருத்துவரைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். வெறும் பிடிப்பு என்றால், அது முழுதாக விட்டதும் வேறு கணக்கில் மறுபடி தொடங்கலாம்.

'இடுப்பை மடக்குங்கள்' என்று சொல்லித்தருவதிலேயே சிக்கல் இருக்கிறது. இடுப்பு என்றால் நமக்குப் பெல்ட் கட்டும் இடம். ஸ்விங்கில் மடங்க வேண்டியது அதற்கும் கீழே, தொடை உடம்போடு சேரும் மூட்டு. பெல்ட் கட்டும் இடத்தில் வளைந்தால் பிட்டமும் பின்தொடையும் செய்ய வேண்டிய வேலை முதுகின் தலையில் விழும். ஒட்டடைக் கம்பை முதுகோடு நெட்டாகப் பிடித்துப் பாருங்கள். பின்தலை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு மூன்றிலும் அது பட வேண்டும். சுவருக்கு ஓரடி முன்னால், சுவருக்கு முதுகு காட்டி நின்று, முழங்காலைச் சற்றே தளர்த்திப் பிட்டத்தால் சுவரைத் தொடுங்கள். கம்பு மூன்று இடத்திலும் ஒட்டியே இருக்கும்வரை இதைத் தினம் 20 முறை பழகுங்கள்.

ஸ்விங்கில் கவனிக்க வேண்டியவை: பின்னால் போகும் குண்டு முழங்காலுக்கு மேலேயே கடக்க வேண்டும், முன்கை தொடையின் உட்புறத்தில் உரச வேண்டும். முழங்காலுக்குக் கீழே தொங்கினால் அது முதுகை இழுக்கும். உச்சியில் குண்டு மார்பளவு, கைக்கு நேர்கோட்டில் நிற்க வேண்டும். அங்கே கீழ்நோக்கித் தொங்கினால் தோளால் தூக்குகிறீர்கள் என்று அர்த்தம். கர்லாக்கட்டை சுற்றிப் பழகியவர்களுக்குத் தோளால் தூக்கும் இந்தப் பழக்கம் எளிதில் வரும். உச்சியில் மூச்சைச் சட்டென்று விட்டு நேராக நில்லுங்கள், பின்னால் சாயாதீர்கள்.

50 ஒரே மூச்சில் செய்தது இரண்டாவது தவறு. பின்தொடை களைத்ததும், மிச்சத்தை முதுகு இழுத்திருக்கும். மூன்றாவது, நேரம். இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்பு வட்டுகள் நீர் உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்தவுடன் குனிந்து பாரம் எடுத்தால் அவற்றின் மேல் அழுத்தம் கூடும். ஒரு மணி நேரமாவது கழியட்டும். மாலை இன்னும் நல்லது.

புதிய கணக்கு: திங்கள், புதன், வெள்ளி மட்டும் ஸ்விங். நிமிடம் தொடங்கும்போது 10 ஸ்விங். அந்த நிமிடத்தின் மிச்சம் ஓய்வு. முதல் வாரம் 6 நிமிடம், அடுத்து 10, பிறகு 15, நான்காம் வாரம் 20. அப்போது நீங்கள் கேட்ட 200 வந்துவிடும். பத்தில் ஏழாவது குலைந்தால் அங்கேயே குண்டை இறக்கிவிடுங்கள். செவ்வாய், வியாழன், சனி பத்தே நிமிடம்: குண்டை மார்போடு அணைத்து 5 ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது) வீதம் மூன்று செட், பிறகு ஒரு கையில் தொங்கவிட்டு நிமிர்ந்தபடி 30 மீட்டர் நடை, கை மாற்றி மறுபடியும். ஞாயிறு விடுமுறை. அமெரிக்கப் பயிற்சியாளர் டான் ஜான் வகுத்த 10,000 ஸ்விங் திட்டம்கூட நாளுக்கு 500 வீதம் 20 நாள்தான், அதுவும் வாரத்துக்கு நான்கைந்து நாள்.

மெத்தென்ற ஓட்டக் காலணி வேண்டாம். வெறுங்கால் அல்லது தட்டையான அடி. டைல்ஸ் தரையென்றால் ரப்பர் விரிப்பு கட்டாயம்.

கைப்பிடியை உள்ளங்கையின் நடுவில் இறுக்கினால் தோல் மடிந்து உரியும். விரல்கள் தொடங்கும் இடத்தில் கொக்கிபோல் மாட்டுங்கள். உரிந்த இடத்தில் புதுத்தோல் வரும்வரை ஸ்விங் கூடாது. பிறகு குளித்து முடித்ததும் காய்ப்பைப் பியூமிஸ் கல்லால் தேய்த்துச் சமமாக வைத்திருங்கள். மேடாக நிற்கும் காய்ப்புதான் கிழிகிறது.