கீழாநெல்லியும் சில எச்சரிக்கைகளும்: மூலிகைக் கேள்வி பதில்

குலசேகரம் வாசகர்: எங்கள் ரப்பர் தோட்டத்தில் கீழாநெல்லி மண்டிக் கிடக்கிறது. மஞ்சள் காமாலைக்கு அரைத்து மோரில் கொடுக்கலாமா?

பதில்: களைக்கொல்லி அடிக்கும் தோட்டத்துச் செடியை மருந்துக்குத் தொடவே கூடாது. வேறிடத்தில் பறித்தாலும் செடியைத் திருப்பிப் பாருங்கள்: இலைகளுக்குக் கீழே வழவழப்பான சிறு காய்கள் குட்டிக் காம்பில் தொங்க வேண்டும், தண்டு சிவந்து, காய் காம்பின்றி ஒட்டிச் சொரசொரப்பாக இருந்தால் அது வேறு இனம். அதைவிட முக்கியமாக, கண் மஞ்சளாவதற்கு ஹெபடைடிஸ் வைரஸ், பித்தநாளத்தை அடைக்கும் கல், எலிக்காய்ச்சல் எனப் பல காரணங்கள் உண்டு என்பதால், இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து காரணத்தை அறிந்த பிறகே மருந்தைப் பற்றிப் பேச வேண்டும்.

கருங்கல் வாசகி: சளி இருமலுக்கு ஆடாதோடை நல்லதா?

பதில்: நல்லது. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றியே இருமல் மருந்தான புரோம்ஹெக்சின் உருவானது. ஆனால் வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். கர்ப்பிணிகள் அருந்தக் கூடாது.

தக்கலை வாசகர்: பரிசோதனை எதற்கு ஐயா? என் சித்தப்பாவுக்குக் கீழாநெல்லியிலேயே காமாலை இறங்கிவிட்டது.

பதில்: அவர் நலமடைந்ததில் மகிழ்ச்சி. ஆயினும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே சில வாரங்களில் தணிந்துவிடும். அந்த நாட்களில் எதைக் குடித்திருந்தாலும் பெயர் அதற்கே போகும். கல் அடைத்திருந்தால் கீழாநெல்லி அதை நீக்காது. 1988இல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேருக்கு இதைக் கொடுத்ததில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளப் புரதம் மறைந்ததாக எழுதினார்கள். பின்னர் மற்றவர்கள் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. மூலிகையை மதிக்கிறவர்கள் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தக்கலை வாசகர்: அப்படியானால் நம் முன்னோர் தவறா?

பதில்: இல்லை. நாடி, நீர், நிறம் பார்த்த பிறகே அவர்கள் மருந்து கொடுத்தார்கள். நாம் பார்க்காமல் கொடுக்கிறோம்.

நாகர்கோவில் வாசகர்: சாலையோரக் கீழாநெல்லி பரவாயில்லையா?

பதில்: வேண்டாம். முதல் பதிலைப் படியுங்கள்.

மார்த்தாண்டம் வாசகர்: செங்காந்தள் கிழங்கை மூட்டுவலிக்குத் தின்னலாமா?

பதில்: கூடவே கூடாது. அதிலுள்ள கொல்கிசின் உயிரைப் பறிக்கும். யாரேனும் தின்றிருந்தால், வாந்தி வரும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பொற்றையடி வாசகர்: மருந்துவாழ்மலையில் செடி பறிக்கலாமா?

பதில்: வேரோடு பிடுங்காதீர்கள். ஆடாதோடையின் கொம்பை வேலியோரம் நட்டாலே தளிர்த்துவிடும்.