வேகமான பையனை எங்கே நிறுத்துவது?

உங்கள் கால்பந்து அணிக்குப் பென்னாகரத்திலிருந்து புதிதாக வந்த பையன் ஓடினால் யாராலும் பிடிக்க முடியவில்லை, ஆனால் சென்டர் ஃபார்வர்டாக (நடுவில், முன்னால்) விட்டால் பாதி நேரம் ஆஃப்சைடில் (பாஸ் கிளம்பும் முன்பே எதிரணியின் கடைசி டிஃபெண்டரைத் தாண்டி) நிற்கிறான், பந்தும் காலில் தங்கவில்லை, பழைய ஃபார்வர்டு வேறு முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நண்பா, முதலில் பையனை விங்குக்கு, அதாவது மைதானத்தின் ஓரத்துக்கு, மாற்றுங்கள். நடுவில் கோலுக்கு முதுகைக் காட்டி, பின்னால் ஒருவன் இடித்துக்கொண்டிருக்கும்போது பந்தை வாங்க வேண்டும். அது அவனுக்கு இப்போதைக்கு வராது. பழையவர் நடுவிலேயே இருக்கட்டும், பந்தை வாங்கித் தட்டிவிடுவது அவர் வேலை.

அப்புறம், பந்தை அவன் காலுக்குக் கொடுக்காதீர்கள், டிஃபெண்டருக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்துக்குக் கொடுங்கள். தர்மபுரிப் பக்கத்து மண் மைதானத்தில், அதுவும் கோடையில், பந்து நிற்காமல் ஓடும், அதனால் பாஸ் கொஞ்சம் மெதுவாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் நேரே கீப்பர் கைக்குத்தான் போகும்.

ஆஃப்சைடு பிரச்சினையா? பாஸ் கிளம்பும் நொடியில் அவன் நம் பாதியில் இருந்தால் ஆஃப்சைடே கிடையாது, ஆகவே எதிரணி கார்னர் எடுக்கும்போது நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி வையுங்கள். த்ரோ-இன்னை நேராக வாங்கினாலும் ஆஃப்சைடு இல்லை. 2015-16இல் லெஸ்டர் சிட்டி அணி இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கை ஜெயித்ததும் பெரும்பாலும் இப்படித்தான், பந்தை எதிரணியிடமே விட்டுவிட்டு, பறித்தவுடன் தங்கள் வேகமான ஃபார்வர்டு வார்டியை ஓடவிட்டு.

எதிரணி தன் கோலுக்கு முன்னாலுள்ள பாக்ஸுக்குள்ளேயே கூட்டமாக உட்கார்ந்துவிட்டால் வேகத்துக்கு வேலை இல்லை. அன்றைக்குப் பெஞ்சில் வைத்து, அவர்கள் களைத்தபின் கடைசி 20 நிமிடம் இறக்குங்கள்.