மாதவிலக்கு நின்ற பிறகு ஏறும் நிறை: கேட்டதும் சொன்னதும்

நான் ஓய்வு பெற்ற தாதி. இருபத்தெட்டு வருசம் வார்டிலும் கிளினிக்கிலும் நின்று கால் வீங்கி, இப்போது மட்டக்களப்பு, கல்லடியில் வீட்டோடு இருக்கிறேன். ஐம்பதை ஒட்டிய பெண்கள் உடம்பு வைக்கிறதைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். ஏறாவூரிலிருந்து பொத்துவில் வரை கேள்வி வந்துவிட்டது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். பெயர் போடவில்லை, ஊர் மட்டும்.

களுவாஞ்சிகுடி, வயது 51: "மிஸ், சாப்பாடு கூடவேயில்ல. முந்தி என்ன திண்டனோ அதேதான். மாதவிலக்கு நிண்டு ஒண்டரை வருசம். 7 கிலோ ஏறிப் போச்சு, அதுவும் வயித்தில மட்டும். எனக்கு என்ன வருத்தம்?"

வருத்தம் ஒன்றுமில்லை தங்கச்சி. ஆனால் "அதேதான் திண்டன்" என்கிறீர்களே, சிக்கல் அதில்தான். உடம்பு அதே உடம்பில்லை.

இங்கே இரண்டு விசயம் ஒன்றாக நடக்கிறது. ஒன்று வயது. முப்பது தாண்டியதிலிருந்தே தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். தசை சும்மா இருக்கும்போதும் சக்தியை எரிக்கும். அது குறைந்தால் பழைய சாப்பாடே மிஞ்சும், மிஞ்சினது கொழுப்பாகும். மற்றது ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன். அது இருந்த காலத்தில் கொழுப்பு துடையிலும் பின்பக்கத்திலும் போய்ச் சேர்ந்தது. அது குறைந்ததும் வயிற்றுக்குள்ளே, குடலைச் சுற்றிச் சேருகிறது. நிறை ஏறுவதற்குப் பெரும்பாலும் வயதும் நடமாட்டக் குறைவும்தான் காரணம். எங்கே ஏறுகிறது என்பதைத்தான் ஹோர்மோன் தீர்மானிக்கிறது. சீனி வருத்தம், பிரஷர், ஈரலில் கொழுப்பு எல்லாவற்றுக்கும் இந்த உள்வயிற்றுக் கொழுப்போடுதான் கூட்டு.

என் அம்மா படுவான்கரையில் வெள்ளாமை வெட்டுக்குப் போனவ. அம்மியில் அரைத்து, கிணற்றில் அள்ளி, ஐம்பத்தைந்திலும் ஒட்டின வயிறு. எனக்கு மோட்டர் தண்ணி, கிரைண்டர், வாசலில் ஆட்டோ. 53 வயதில் என் இடுப்பு 94 சென்ரிமீற்றர்.

தையல் நாடாவை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை விட்ட பிறகு பாருங்கள். வயிற்றை எக்க வேண்டாம், நாடாவை ஏமாற்றி என்ன காணப் போகிறோம்? நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம், தாண்டினால் கவனிக்க வேண்டும்.

அக்கரைப்பற்று, வயது 54: "சோத்த முழுசா விட்டாத்தான் குறையும் எண்டு மகள் சொல்றா. இரவைக்கு ஒண்டும் தின்னாம ரெண்டு கிழமை இருந்தன். 3 கிலோ குறைஞ்சு, திரும்ப 4 கிலோ ஏறிட்டு."

முதலில் குறைந்ததில் பெரும் பங்கு தண்ணீர். பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் போகும். திரும்ப வரும்போது கொழுப்புத்தான் முந்தி வரும். நம் வயதில் எலும்பும் பாதிப்படையும். ஆகவே மகளிடம் சொல்லுங்கள், சோறு குற்றவாளி இல்லை, கோப்பையில் அது பிடிக்கிற இடம்தான் பிழை.

நம் வீட்டு மத்தியானக் கோப்பையை நினைத்துப் பாருங்கள். நடுவில் மூன்று அகப்பை சோறு குன்று மாதிரி. ஓரத்தில் ஒரு கரண்டி பருப்பு, கிள்ளு அளவு கீரைச் சுண்டல், மேலே மீன் ஆணம். நடுத்துண்டு அவருக்கு, மற்றது பிள்ளைகளுக்கு. நமக்கு வால் துண்டும் குழம்பும். வருசக்கணக்காக இப்படித்தான் தின்றோம். தசையைக் காப்பாற்ற வேண்டிய வயதில் புரதம் போதாத கோப்பை!

மாற்றிப் போடுங்கள். சோறு ஒன்றரை அகப்பை, முடிந்தால் தவிடு போகாத சிவப்பரிசி. கோப்பையில் பாதி கீரையும் மரக்கறியும். மீன் துண்டு உங்கள் உள்ளங்கை அளவு. 60 கிலோ உள்ள பெண்ணுக்கு நாளைக்கு 60 முதல் 70 கிராம் புரதம் நல்லது. சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் இருக்கிறது, முட்டை ஒன்றில் 6, ஒரு கப் அவித்த கௌபியில் 13 அளவில். காலையில் புட்டும் வாழைப்பழமும் மட்டும் என்றால் பத்து மணிக்கே பசிக்கும். அதோடு ஒரு முட்டையோ கௌபியோ வையுங்கள். சிறுநீரக வருத்தம் இருப்பவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்ட முன் டொக்டரிடம் கேட்க வேண்டும்.

எருமைத் தயிரை விடச் சொல்லமாட்டேன், மட்டக்களப்பில் இருந்துகொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. சின்னக் கிண்ணம், பாணி இல்லாமல். எலும்புக்குக் கல்சியம் கிடைக்கும். முள்ளோடு தின்னும் நெத்தலியும் அப்படித்தான்.

காத்தான்குடி, வயது 49: "எனக்குப் பசியே இல்ல மிஸ். பிளேன்ரீயிலதான் நாள் ஓடுது. நோம்புக்குக் குறையிற நிறை பெருநாளோட திரும்ப வருது."

எத்தனை பிளேன்ரீ என்று திருப்பிக் கேட்டேன். ஆறு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி. ஒரு தேக்கரண்டியில் 16 முதல் 20 கலோரி. பன்னிரண்டு கரண்டி என்றால் ஒரு கப் சோற்றுக்குக் கிட்ட, வயிறு நிரம்பாமலேயே உள்ளே போகிறது. ஒரேயடியாக நிறுத்தினால் தலையிடிக்கும் என்பீர்கள். கிழமைக்கு அரைக் கரண்டி குறையுங்கள், ஒரு மாதத்தில் சீனி போட்ட தேத்தண்ணி உங்களுக்கே திகட்டும்.

நோம்பில் கஞ்சியும் ஈச்சம்பழமும் ஒன்றும் செய்யாது. அதோடு வரும் சமோசா, ரோல்ஸ், சர்பத்தைத்தான் எண்ண வேண்டும். சீனி வருத்தத்துக்குக் குளிசையோ ஊசியோ பாவிப்பவர்கள் நோம்பு தொடங்க முன்னரே டொக்டரிடம் போய் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

நாவற்குடா, வயது 55: "காலம்பற கல்லடிப் பாலத்தில மூணு மாசமா நடக்கிறன். தராசு அசையுதில்ல. விட்டுரவா?"

விட வேண்டாம். உங்களைப் போன்றவர்களை நான் தினம் பாலத்தில் பார்க்கிறேன். பாதி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாவியைப் பார்த்துக் கதை. கதைக்கலாம், ஆனால் கால் நிற்கக் கூடாது. கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சுப் போதக் கூடாது, அதுதான் வேகம். கிழமைக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு. வெயில் ஏற முன் முடித்துவிடுங்கள்.

அதோடு, நடை மட்டும் தசை வளர்க்காது. கிழமைக்கு இரண்டு நாளாவது பாரத்தோடு ஏதாவது செய்ய வேண்டும். ஜிம் வேண்டாம். குசினிக் கதிரையைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். நுனியில் இருங்கள், பாதம் இரண்டும் நிலத்தில், கைகளை நெஞ்சில் கட்டுங்கள். கை ஊன்றாமல் எழும்புங்கள். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி மெதுவாக இருங்கள். தொப்பென்று விழுந்தால் அது கணக்கில் இல்லை. நான் தொடங்கிய நாள் ஆறாவதில் துடை நடுங்கியது. பதினைந்துக்கு வர இரண்டு மாதம் போனது. அடுத்தது சுவரில் கை வைத்துத் தள்ளுவது. அதற்கடுத்தது ஒன்றரை லீற்றர் தண்ணிப் போத்தல் இரண்டைக் கையில் பிடித்துத் தூக்கி இறக்குவது.

தராசு அசையாவிட்டாலும் நாடா அசைந்திருக்கும். பழைய சட்டை ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மாதம் 1 கிலோ குறைந்தாலே நல்ல வேகம். 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே பிரஷரிலும் சீனியிலும் வித்தியாசம் தெரியும்.

வாழைச்சேனை, வயது 60: "முழங்கால் நோவுக்கு நடக்கச் சொல்றாங்க. நடந்தா நோகுது."

அக்கா, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டிலும் முழங்காலில் 4 கிலோ பாரம் குறையும். அதனால் சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். கதிரைப் பயிற்சியைத் தலையணை போட்டு உயரமாக்கிச் செய்யுங்கள். நடையைப் பத்துப் பத்து நிமிடமாக உடையுங்கள். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் காட்டிவிட்டுத்தான் மற்றது.

ஊர் போட வேண்டாம் என்றவர், வயது 52: "வேகமா நடந்தா, தும்மினா மூத்திரம் கசியுது. அதால நடையே நிப்பாட்டிட்டன். ஆரிட்டயும் சொல்லல்ல."

இதே கேள்வி ஐந்து பேரிடமிருந்து வந்தது, ஐந்து பேரும் ஊரை மறைக்கச் சொன்னார்கள்! வெட்கப்பட ஒன்றுமில்லை புள்ள. பிள்ளை பெற்றதாலும் ஈஸ்ட்ரஜன் குறைந்ததாலும் அடியில் தாங்கும் தசை தளர்கிறது. வயிற்றுப் பாரம் அதை மேலும் அழுத்துகிறது. மூத்திரத்தையும் வாயுவையும் ஒன்றாக அடக்குவது போல அந்தத் தசையை உள்ளே இழுத்து, ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். பத்துத் தரம், நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்க வேண்டாம், பின்பக்கத்தை இறுக்க வேண்டாம். மூத்திரம் பெய்யும்போது செய்து பழகவும் கூடாது. மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். நிறை குறைந்தாலும் கசிவு குறையும். அதுவரை கசிவை உறிஞ்சும் பேட் ஒன்று வைத்துக்கொண்டு நடங்கள்.

சம்மாந்துறை, வயது 50: "இரவில வேர்த்து நனைஞ்சு எழும்புறன். நித்திரை இல்ல. காலையில கண்டதெல்லாம் திங்கத் தோணுது."

நித்திரை குறைந்தால் பசி கூடும், இனிப்புத் தேடும். உங்கள் பேராசை இல்லை அது. பருத்திச் சட்டை, தலைமாட்டில் ஃபேன், பின்னேரம் நான்குக்குப் பிறகு தேத்தண்ணி இல்லை. தாங்க முடியாவிட்டால் ஹோர்மோன் சிகிச்சை பற்றி டொக்டரிடம் கேளுங்கள். அதனால் உடம்பு வைக்கும் என்ற பயம் வேண்டாம். மெலிவதற்கான மருந்தும் அது இல்லை. மார்புப் புற்றுநோய், இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்குப் பொதுவாகக் கொடுக்கமாட்டார்கள்.

திருக்கோவில், வயது 47: "கர்ப்பப்பை எடுத்தா உடம்பு வைக்கும் எண்டு எல்லாரும் பயமுறுத்துறாங்க."

சூலகம் இரண்டையும் விட்டிருந்தால் ஹோர்மோன் ஒரே நாளில் நிற்காது. இரண்டையும் எடுத்திருந்தால் மாதவிடாய் நின்ற நிலை உடனே வந்துவிடும். எதை எடுத்தார்கள் என்று உங்கள் கிளினிக் அட்டையில் இருக்கும், பாருங்கள். பலருக்கு உடம்பு வைப்பது ஒப்பரேஷனுக்குப் பிறகு மாதக்கணக்கில் அசையாமல் இருப்பதால்தான்.

கல்முனை, வயது 53: "ஃபேஸ்புக்கில ஒரு பவுடர், மாசத்தில 10 கிலோ எண்டு போட்டிருக்கு. கொள்ளுத் தண்ணி, தேசிக்காய்த் தேன் எது நல்லம்?"

"கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது பழமொழி. அவித்துத் தின்றால் புரதம், நார்ச்சத்து, பசி அடங்கும். கொழுப்பைக் கரைக்காது. தேசிக்காயும் கரைக்காது, தேன் இன்னொரு சீனி. பவுடரை மட்டும் தொடாதீர்கள். இப்படி விற்கும் மெலிவு மருந்துகள் பலவற்றில் சிபுட்ரமின் ஒளித்துக் கலந்திருப்பதை வெளிநாடுகளில் பிடித்திருக்கிறார்கள். மாரடைப்பு, பாரிசவாத ஆபத்துக்காக 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையை நிறுத்திய மருந்து அது. பிரஷர் இருப்பவர்கள் பக்கத்திலும் போகக் கூடாது.

செங்கலடி, வயது 48: "என்ன டெஸ்ட் எடுக்கிற?"

சீனி, கொலஸ்ட்ரோல், பிரஷர். களைப்பும் குளிரும் மலச்சிக்கலும் சேர்ந்திருந்தால் தைரொயிட்டும். காசு கொடுத்து ஓட முன் உங்கள் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசில் வெல் வுமன் கிளினிக் எந்த நாள் என்று குடும்பநல மிஸ்ஸிடம் கேளுங்கள். மார்பும் கர்ப்பப்பை வாயும் அங்கேயே பார்ப்பார்கள், இலவசம்.

ஆரையம்பதி, வயது 57: "மாதவிலக்கு நிண்டு மூணு வருசம். போன மாசம் ரெண்டு நாள் கொஞ்சம் இரத்தம் பட்டுது. மெலியிறதுக்கு நடக்கத் தொடங்கினதாலயா?"

இல்லை அக்கா. பன்னிரண்டு மாதம் முழுசாக நின்ற பிறகு ஒரு சொட்டு வந்தாலும் அது காட்ட வேண்டிய விசயம். பலருக்குச் சின்னக் காரணம்தான் இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமும் இதுதான், நிறை கூடியவர்களுக்கு அந்த ஆபத்துக் கூட. நிறை, நடை, சோறு எல்லாம் பிறகு பார்ப்போம். இந்தக் கிழமையே பெண்ணோயியல் கிளினிக்குக்குப் போங்கள். வீட்டில் சொல்ல வெட்கமென்றால் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போங்கள். கடைசியாக மாதவிலக்கு நின்ற மாதத்தையும் இரத்தம் பட்ட திகதியையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள், அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள்.