பழைய கப்சாய் (சிறிய மோட்டார் சைக்கிள்) எஞ்சினை வீட்டிலேயே ஓவர்ஹால் செய்ய முடியுமா?

முடியும், ஒரு வேலையைத் தவிர. ஓவர்ஹால் என்றால் எஞ்சினைப் பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றி மறுபடி பூட்டுவது.

சுங்கை சிப்புட் தோட்டப்பக்கம் ஹோண்டா சி70 வைத்திருப்பவர்கள் பயப்படுவது நீலப்புகைக்கு. பெரும்பாலும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்து, எஞ்சின் எண்ணெய் மேலேறி எரிவதுதான் காரணம். சைக்கிள் பம்பில் வாசர் தேய்ந்தால் காற்று பின்னால் நழுவுமே, அதே கதை.

சிலிண்டர் பிளாக்கைக் கழற்றி உள்சுவரை நகத்தால் வருடுங்கள். மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே படி தட்டினால் தேய்மானம் உறுதி. அப்போது சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கும் வேலையை மட்டும் லேத் பட்டறையில் கொடுங்கள். 0.25 மி.மீ. பெரிய பிஸ்டனை முதலில் வாங்கிக் கொடுத்து, அதை அளந்து குடையச் சொல்வது மிக முக்கியம். மற்றதெல்லாம் அஞ்சடியிலேயே (வீட்டு முன்தாழ்வாரத்திலேயே) முடியும்.

ரிங்கை மட்டும் மாற்றினால் போதும் என்று பலர் நினைப்பது தவறு: கோணலாகத் தேய்ந்த சிலிண்டரில் புது ரிங் முழுதாக ஒட்டாது, புகை திரும்பிவிடும்.