வெண்புள்ளி மறைந்தால் நோய் போயிற்றா?

கேள்வி: எங்கள் கடல்நீர்த் தொட்டியில் கோமாளி மீனின் துடுப்பில் உப்புத்தூள் ஒட்டியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றி, நான்காம் நாள் மறைந்தன. நோய் நீங்கிவிட்டதா?
– வாசகர், பாறசாலை

பதில்: நீங்கவில்லை. கிரிப்டோகாரியான் என்னும் ஒட்டுண்ணி, மீன்மீது சில நாள் தின்று வளர்ந்தபின் உதிர்ந்து, மணலில் கூடுகட்டிப் பெருகி, மீண்டும் மீனைத் தேடி வருவதால், புள்ளி மறைவதைக் குணமென்று நம்பிவிடாதீர்கள். புள்ளிகள் மாவு தூவியதுபோல் நுண்மையாக இருந்து, மூச்சும் வாங்கினால் வேறோர் ஒட்டுண்ணியால் வரும் வெல்வெட் நோயாக இருக்கலாம். அதில் ஒரு நாள் தாமதமும் ஆபத்து.

எல்லா மீன்களையும் மணல் இடாத தனித் தொட்டிக்கு மாற்றி, சோதனைக் கருவியால் அளவு பார்த்தபடி செம்பு மருந்து கொடுங்கள். பவளமும் இறாலும் வாழும் தொட்டியில் செம்பு விழவே கூடாது. ஒட்டுண்ணி மீன் கிடைக்காமல் மடியும்படி, அந்தத் தொட்டியை 76 நாள் மீனின்றி வைப்பது வளர்ப்போர் வழக்கம். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவ மழையில் மின்சாரம் போகுமாதலால், பேட்டரிக் காற்றுப் பம்பு ஒன்றும் அருகில் இருக்கட்டும்.