வேவர்ஸ் பட்டியலில் ஒரு பெயர்: எடுப்பதா, விடுவதா? (கேள்வி பதில்)

மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் அணி கைகழுவிய வீரரை இன்னோர் அணி எப்போது எடுத்துக்கொள்கிறது, எப்போது கண்டுகொள்ளாமல் விடுகிறது என்று கேட்டு வந்தவற்றுக்கான பதில்கள் இவை. ஃபேண்டஸி விளையாட்டுக் (நிஜ வீரர்களை வைத்து ரசிகர்கள் கற்பனை அணி அமைத்து ஆடுவது) கேள்விகள் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். சொல்லியும் வந்திருக்கின்றன.

கேள்வி: வேவர்ஸ் என்றால் என்ன? ஒரே பத்தியில் சொல்ல முடியுமா?

முடியும். ஒவ்வோர் அணியும் 40 பேர் கொண்ட பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது. களத்துக்கு அனுப்பத்தக்க 26 பேர் அதற்குள் அடக்கம். அந்த 40-இலிருந்து ஒருவரை நீக்கிக் கீழ்நிலை அணிக்கு அனுப்ப வேண்டுமானால், முதலில் மற்ற 29 அணிகளின் முன்னால் அவர் பெயரை வைக்க வேண்டும். சுமார் இரண்டு நாள் அவகாசம். யாராவது கேட்டால் வீரர் அங்கே போய்விடுவார், அவருடைய ஒப்பந்தமும் கூடவே போகும். பலர் கேட்டால், வெற்றி விகிதம் மிகக் குறைவாக உள்ள அணிக்கே முன்னுரிமை. யாருமே கேட்காவிட்டால் பழைய அணி அவரைக் கீழே அனுப்பலாம், அல்லது விடுவிக்கலாம். செய்திகளில் வரும் டி.எஃப்.ஏ. என்பது இதற்கு முந்தைய படி. அது அறிவிக்கப்பட்டதும் வீரர் 40-இலிருந்து வெளியேறுகிறார். அவரை என்ன செய்வது என்று முடிவெடுக்க அணிக்கு ஒரு வாரம் கிடைக்கிறது.

கேள்வி: ஓர் அணியின் அலுவலகத்தில் இந்த முடிவை எப்படி எடுக்கிறார்கள்? நல்ல வீரர் என்றால் எடுக்க வேண்டியதுதானே?

இல்லை. “இவர் நல்லவரா?” என்ற கேள்வியிலிருந்து தொடங்குபவர்கள் எல்லாரும் தவறான இடத்தில் தொடங்குகிறார்கள். அலுவலகத்தில் முதலில் எழும் கேள்வி “இவருக்காக யாரை வெளியே அனுப்புவது?” என்பதுதான். எடுத்துக்கொண்ட வீரரை உடனே 40-க்குள் சேர்த்தாக வேண்டும். அங்கே காலியிடம் இல்லையென்றால் உங்கள் ஆள் ஒருவர் அதே வேவர்ஸ் பட்டியலுக்குப் போகிறார், அவரை வேறு யாராவது தூக்கிக்கொண்டு போகலாம். இந்தப் பதில்களில் இதை நான் மறுபடியும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி, அவருக்கு ஆப்ஷன் ஆண்டு மிச்சமிருக்கிறதா என்பது. பொதுவாக ஒரு வீரரை மூன்று ஆண்டுகளில்தான் வேவர்ஸ் இல்லாமல் கீழே அனுப்பவும் மேலே கூப்பிடவும் முடியும். அது மிச்சமிருந்தால், எடுத்த கையோடு அவரை டிரிபிள்-ஏ அணிக்கு (மேஜர் லீக்குக்கு அடுத்த கீழ்நிலை) அனுப்பிவிடலாம். 26-இல் யாரையும் தொட வேண்டாம். தீர்ந்துபோயிருந்தால் நேரே 26-இல் உட்கார வைக்க வேண்டும். ஒரே திறமையுள்ள இரண்டு ரிலீவர்களில் (ஆட்டத்தின் நடுவில் வந்து பந்து வீசுபவர்கள்) ஆப்ஷன் உள்ளவரைக் கேட்க நாலைந்து அணிகள் கை தூக்கும், ஆப்ஷன் தீர்ந்தவரை ஒருவரும் கேட்காமல் போகலாம்.

மூன்றாவது சம்பளம். நான்காவதுதான் ஆட்டம். அங்கேயும் சராசரியையோ ஈ.ஆர்.ஏ.-வையோ (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பந்து வீச்சாளர் விட்டுக்கொடுக்கும் ரன்) மட்டும் பார்ப்பதில்லை. மேஜர் லீக்கில் 20 இன்னிங்ஸ் வீசியவரின் ஈ.ஆர்.ஏ. கிட்டத்தட்ட ஒன்றையும் சொல்லாது. பந்தின் வேகம், சுழற்சி, கடைசி நேரத் திருப்பம், டிரிபிள்-ஏ-யில் எத்தனை பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார் என்பவற்றைப் பார்ப்பார்கள். “இவர் ஸ்லைடரை இன்னும் அதிகமாக வீசினால் எப்படியிருக்கும்?” என்று பயிற்சியாளரிடம் கேட்பார்கள். எங்களால் திருத்த முடிகிற குறை ஒன்று இவரிடம் இருக்கிறது என்று நம்பும் அணிதான் கேட்கும். அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்க்கும். இழப்பு சிறியது என்பதால் மறுபடியும் முயல்வார்கள்.

கேள்வி: வேவர் கட்டணம் எவ்வளவு?

அணிகளின் கணக்கில் அது சில்லறை. உண்மையான விலை 40-இல் ஓர் இடம்.

கேள்வி: என் ஃபேண்டஸி லீக்கில் எனக்கு மூன்றாவது முன்னுரிமை. இப்போதே செலவழிக்கலாமா, காத்திருக்கலாமா?

இது அந்தப் பகுதி அல்ல. ஒன்று மட்டும்: உங்கள் விளையாட்டில் ஒருமுறை எடுத்தால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள். மேஜர் லீக்கில் அப்படியில்லை. தோற்றுக்கொண்டிருக்கும் அணி தினமும் முதல் ஆளாகக் கேட்கலாம்.

கேள்வி: அப்படியானால் தோற்கும் அணிக்கு இது லாபம்தானே? உண்மையில் யாராவது பயன்படுத்தியிருக்கிறார்களா?

பால்டிமோர் ஓரியோல்ஸைப் பாருங்கள். 2021-இல் 110 ஆட்டங்கள் தோற்றது. அந்தக் காலத்தில் அங்கே வேவர்ஸ் வழியாக வந்தவர்கள் ரமோன் உரியாஸ், ஹோர்கே மட்டெயோ, சியோனெல் பெரெஸ். உரியாஸ் 2022-இல் மூன்றாம் பேஸுக்கான கோல்ட் கிளவ் (சிறந்த ஃபீல்டிங் விருது) வாங்கினார். அதே ஆண்டு அமெரிக்கன் லீக்கில் அதிகமாக பேஸ் திருடியவர் மட்டெயோ. 2023-இல் அந்த அணி 101 ஆட்டங்கள் வென்றது. இவர்களால்தான் வென்றது என்று சொல்ல வரவில்லை. ஆனால் தோற்ற ஆண்டுகளில் காலியிடங்களை வீணடிக்கவில்லை.

இன்னும் நல்ல கதை பிரென்ட் ரூக்கர். 2022 நவம்பரில் கன்சாஸ் சிட்டி அவரை 40-இலிருந்து நீக்கியது. நவம்பர் நடுவில் ஒவ்வோர் அணியும் தன் இளம் வீரர்களை ரூல் 5 தேர்விலிருந்து (40-இல் இல்லாதவர்களை மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளும் தேர்வு) காப்பாற்ற 40-இல் சேர்க்கும், அதனால் ஓரத்தில் இருப்பவர்கள் கொத்தாக வெளியே விழுவார்கள். அந்தக் குளிர்காலத்தில் வரிசையில் முதலில் நின்றது 107 ஆட்டங்கள் தோற்ற வாஷிங்டன். அடுத்து 102 தோற்ற ஓக்லாந்து. ரூக்கர் போனது ஓக்லாந்துக்கு. அதாவது வாஷிங்டன் வேண்டாம் என்றது. ரூக்கர் 2023-இல் ஆல்-ஸ்டார், 30 ஹோம் ரன். 2024-இல் 39. 2025 ஜனவரியில் ஐந்து ஆண்டுக்கு 6 கோடி டாலர் ஒப்பந்தம்.

வாஷிங்டனை முட்டாள் என்று எழுத ஆரம்பிக்கும் முன் ஒன்று: அப்போது ரூக்கருக்கு வயது 28, கன்சாஸ் சிட்டி அவருக்கு மூன்றாவது அணி, மேஜர் லீக்கில் சாதித்தது எதுவுமில்லை.

கேள்வி: மேனி ராமிரெஸை ஒருமுறை யாருமே எடுக்கவில்லை என்கிறார்களே, கட்டுக்கதையா?

உண்மைதான். 2003 சீசன் முடிந்ததும் பாஸ்டன் அவரை வேவர்ஸில் வைத்தது. 29 அணிகளும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்கன் லீக்கில் அதிக ஹோம் ரன் அவருடையது. 1918-க்குப் பிறகு பாஸ்டன் வென்ற முதல் வேர்ல்ட் சீரிஸின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான்.

அவர் எவ்வளவு நல்ல ஆட்டக்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் எட்டு ஆண்டுக்கு 16 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் இன்னும் ஐந்து ஆண்டும் கிட்டத்தட்ட 10 கோடி டாலரும் பாக்கி. எடுப்பவர் அத்தனையையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

தலைகீழ் உதாரணம் அலெக்ஸ் ரியோஸ். 2009 ஆகஸ்டில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அவரைக் கேட்டது. 2014 வரை சுமார் 6 கோடி டாலர் பாக்கி. அன்றைய ஆகஸ்ட் விதிப்படி பெயரைத் திரும்பப் பெற்றிருக்கலாம், ஆனால் அவருடைய அணியான டொரோன்டோ பேரம் பேசவில்லை, பதிலுக்கு ஒரு வீரரைக்கூடக் கேட்கவில்லை. “எடுத்துக்கொள்ளுங்கள்” என்று விட்டுவிட்டது. பெரிய சம்பளக்காரரை யாரும் கேட்காமல் அவர் விடுவிக்கப்பட்டால், அடுத்து சேர்க்கும் அணி குறைந்தபட்சச் சம்பளம் மட்டும் கொடுத்தால் போதும். 2025-இல் அது ஆண்டுக்கு 7.6 லட்சம் டாலர். மீதியைப் பழைய அணியே கட்டும். ஆகவே பொறுத்திருந்தால் மலிவாகக் கிடைப்பவரை, வேறு யாரோ எடுத்துவிடுவார்கள் என்ற பயம் இல்லாமல் ஒருவரும் கேட்பதில்லை.

கேள்வி (கிளீவ்லாந்து வாசகர்): 2023 ஆகஸ்ட் இறுதியில் எங்கள் கார்டியன்ஸ் ஏஞ்சல்ஸிடமிருந்து ஒரே நாளில் மூன்று பந்து வீச்சாளர்களை எடுத்தது. கடைசியில் 76 வெற்றி, 86 தோல்வி. பணத்தைக் குப்பையில் போட்டதுதானே?

ஒத்துக்கொள்ள மாட்டேன். நடந்ததை வரிசையாக வைப்போம். ஜூலை இறுதியில் ஏஞ்சல்ஸ், சீசனோடு ஒப்பந்தம் முடியவிருந்த நட்சத்திரம் ஒட்டானி இருக்கும்போதே ஒரு பிளே-ஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் இறுதிச் சுற்றுகள்) பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு இளம் வீரர்களைக் கொடுத்து லூகாஸ் ஜியோலிட்டோவையும் ரெய்னால்டோ லோபஸையும் வாங்கியது. ஆகஸ்ட் முழுவதும் தோற்றது. ஒட்டானியின் முழங்கைத் தசைநார் கிழிந்தது. 23.3 கோடி டாலர் என்ற ஆடம்பர வரிக் கோட்டுக்குக் (மொத்தச் சம்பளம் இதைத் தாண்டினால் அணி வரி கட்ட வேண்டும்) கீழே இறங்குவதற்காக 29-ஆம் தேதி ஆறு பேரை வேவர்ஸில் வைத்தது.

கிளீவ்லாந்து அப்போது மினசோட்டாவுக்கு 5 ஆட்டம் பின்னால். சில நாளில் அதே மினசோட்டா மூன்று ஆட்டத்துக்கு கிளீவ்லாந்துக்கு வரவிருந்தது. ஆகஸ்ட் 31-க்குள் வந்தவர்தான் பிளே-ஆஃபில் ஆடலாம். பந்து வீச்சாளர்கள் பீபர், மெக்கென்சி காயத்தில். இன்னொரு பந்து வீச்சாளர் சிண்டர்கார்டை அப்போதுதான் நீக்கியிருந்தது. ஜியோலிட்டோ, லோபஸ், மேட் மோர் மூவருக்கும் மிச்ச ஒரு மாதச் சம்பளம் சேர்த்து சுமார் 35 லட்சம் டாலர். ஓர் இளம் வீரரைக்கூட விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

அதே வாசகர்: ஜியோலிட்டோவின் முதல் ஆட்டத்தை நேரில் பார்த்தவன் நான். மினசோட்டாவிடம் 20-6. மூன்று இன்னிங்ஸில் ஒன்பது ரன். இதற்குப் பிறகுமா நியாயப்படுத்துகிறீர்கள்?

ஆமாம். செப்டம்பர் 4-ஆம் தேதி அவர் எப்படி வீசினார் என்பது ஆகஸ்ட் 31 மதியம் மேசையில் இல்லை. மேசையில் இருந்தது தேய்ந்துபோன பந்துவீச்சு வரிசை, ஐந்து ஆட்ட இடைவெளி, 35 லட்சம் டாலர். மேலும், பிடி நழுவியதும் செப்டம்பரில் மோரை அதே வழியில் வெளியே வைத்தார்கள், மயாமி எடுத்துக்கொண்டது. சம்பளத்தின் ஒரு பகுதி திரும்பியது.

நியூ ஜெர்சி வாசகர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கிளீவ்லாந்தை விடுங்கள், ஏஞ்சல்ஸ் செய்தது அசிங்கம் இல்லையா? ரசிகர்களிடம் டிக்கெட் விற்றுவிட்டு ஒரு மாதம் முன்னதாகக் கடையைக் கட்டுவதா?

ரசிகராக இருந்தால் எனக்கும் எரிந்திருக்கும். கணக்கைப் பாருங்கள். வரிக் கோட்டுக்கு மேலே இருந்தால், ஒட்டானி வெளியேறும்போது இழப்பீடாக இளம் வீரர்களுக்கான டிராஃப்டில் கிடைக்கும் தேர்வு நான்காம் சுற்றுக்குப் பின்னால் தள்ளப்படும். கீழே இருந்ததால் இரண்டாம் சுற்றுக்குப் பின்னால் கிடைத்தது, 2024-இல் 74-ஆவது இடம். அதே வாரம் யாங்கீஸும் ஹாரிசன் பேடரை வெளியே வைத்தது. அதைப் பற்றி யாரும் எனக்குக் கடிதம் எழுதவில்லை.

கிளீவ்லாந்து வாசகர்: சின்சினாட்டியையும் சொல்லுங்கள். பேடரையும், ஏஞ்சல்ஸ் வெளியே வைத்த ரென்ஃப்ரோவையும் எடுத்தது, ஒன்றும் நடக்கவில்லை. எடுத்தவர்கள் எல்லாரும் ஏமாந்தவர்கள்.

சின்சினாட்டி 82-80 என்று முடித்து இரண்டு ஆட்டத்தில் பிளே-ஆஃபைத் தவறவிட்டது. ரென்ஃப்ரோவைச் செப்டம்பரிலேயே விடுவித்தார்கள். அந்த இடைவெளியில் நிற்கும் அணி இரண்டு அவுட்ஃபீல்டர்களைச் சும்மா கிடைக்கும்போது எடுக்காமல் விட்டிருந்தால், நீங்களே எனக்கு இன்னொரு கடிதம் எழுதியிருப்பீர்கள். இத்தோடு இதை முடிப்போம்.

கேள்வி: எதிரி அணிக்குப் போகாமல் தடுக்கவே ஒருவரைக் கேட்கலாமா?

கேட்கலாம். 1998-இல் சான் டியாகோ கேட்டது. அட்லாண்டாவுக்குப் போய்விடக்கூடாதென்று டொரோன்டோவின் ரேண்டி மையர்ஸைக் கேட்க, டொரோன்டோ மகிழ்ச்சியாகக் கொடுத்துவிட்டது. சுமார் 1.3 கோடி டாலர் பாக்கி. அந்த ஆண்டு சான் டியாகோ அட்லாண்டாவை வென்று வேர்ல்ட் சீரிஸ் போனது உண்மை. ஆனால் மையர்ஸ் 1998-க்குப் பிறகு ஒரு பந்துகூட வீசவில்லை, சம்பளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. கேட்டபின் திரும்பப் பெறக்கூடிய அந்த ஆகஸ்ட் வேவர்ஸ் முறையே 2019-இல் ஒழிக்கப்பட்டது. இப்போது வெளியே வைத்தால் வைத்ததுதான்.

கேள்வி: எழுதாத விதிகள் உண்டா?

உண்டு. ஜப்பானிய அணிக்கு விற்கப்படும் வீரர் பெயரளவுக்கு வேவர்ஸைக் கடப்பார், அவரை யாரும் கேட்பதில்லை என்பது மரியாதை. 2003 ஜனவரியில் கெவின் மில்லரை ஃப்ளோரிடா சூனிச்சி டிராகன்ஸுக்கு விற்றபோது பாஸ்டன் அந்த மரியாதையை உடைத்துக் கேட்டது. பெரிய ரகளை. கடைசியில் மில்லர் பாஸ்டனுக்கே வந்தார். 2004 பிளே-ஆஃபில் யாங்கீஸுக்கு எதிரான நான்காவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் வாக் வாங்கி, அதாவது அடிக்காமலே முதல் பேஸுக்குப் போனவர் அவர்தான். அவருக்குப் பதிலாக ஓட வந்த டேவ் ராபர்ட்ஸ் பேஸைத் திருடினார்.

கேள்வி: என் அணி ஏன் அந்த இடக்கை ரிலீவரை எடுக்கவில்லை? (இதே கேள்வி வேறு வேறு பெயர்களோடு நிறைய வந்திருக்கிறது.)

40 பேரின் பட்டியலைத் திறங்கள். நீக்க வேண்டியவர் பெயரை எழுதி அனுப்புங்கள். பெயர் இல்லாத கடிதங்களுக்குப் பதில் இல்லை.

கேள்வி: வீரரால் மறுக்க முடியாதா?

இன்னோர் அணி கேட்டுவிட்டால் முடியாது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். யாரும் கேட்காமல் கீழே அனுப்பும்போதுதான் உரிமை வருகிறது. மூன்று ஆண்டுச் சேவை முடித்தவரோ முன்பே ஒருமுறை அப்படி அனுப்பப்பட்டவரோ மறுத்து வெளியேறலாம். ஐந்து ஆண்டு முடித்தவர் மறுத்தாலும் சம்பளம் போகாது. கேட்சர் ஜேக்கப் நாட்டிங்ஹம் 2021-இல் மில்வாக்கியிலிருந்து வேவர்ஸில் சியாட்டிலுக்குப் போனார். சில நாளில் மில்வாக்கி அவரைத் திரும்ப வாங்கியது. மே மாதம் மறுபடியும் வெளியே வைத்தது, மறுபடியும் எடுத்தது சியாட்டில்.

கேள்வி: இதையெல்லாம் நேரடியாகக் கவனிக்க எந்த மாதம் நல்லது?

மார்ச் கடைசி வாரம். ஆப்ஷன் தீர்ந்தவர்களை 26-இல் வைக்க முடியாத அணிகள் ஒரே நேரத்தில் வெளியே வைக்கும். எல்லார் பட்டியலும் நிரம்பியிருப்பதால், நவம்பரில் உடனே பறிபோயிருக்கக்கூடிய ஆட்கள் அந்த வாரம் சத்தமில்லாமல் கடந்துபோவார்கள். சில அணிகள் குளிர்காலத்தில் ஒருவரை எடுத்து வைத்துக்கொண்டு இந்த வாரத்துக்காகவே காத்திருக்கும். அப்போதைய முன்னுரிமை வரிசை முந்தைய சீசனுடையது என்பதை மறக்க வேண்டாம். புது சீசனின் முதல் 30 நாளுக்கும் அதுதான் செல்லும்.