ஜெர்மன் கம்பெனியில் சங்கம் தொடங்க முடியுமா?

கேள்வி: பொம்மசந்திராவில் ஜெர்மன் நிறுவனம் ஒன்றின் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். நிரந்தரத் தொழிலாளர்கள் 340 பேர். சம்பளம் பேச சங்கம் வேண்டும் என்றால், "ஜெர்மனியில் ஒர்க்ஸ் கவுன்சில், இங்கே ஒர்க்ஸ் கமிட்டி. அதுவே போதும்" என்கிறார் எச்.ஆர். நான் டீம் லீடர் என்பதால் சங்கத்தில் சேரவே முடியாதாம். எப்படித் தொடங்குவது? வேலை போய்விடுமா? ஜெர்மனிக்கு எழுதினால் பலன் உண்டா?
- பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்: எச்.ஆர். சொல்வதை நம்பாதீர்கள். ஜெர்மனியில் ஒர்க்ஸ் கவுன்சில் (ஆலையில் வேலை செய்பவர்கள் தேர்ந்தெடுக்கும் குழு) வேறு, தொழிற்சங்கம் வேறு. சம்பள ஒப்பந்தம் போடுவது ஐ.ஜி. மெட்டல் போன்ற சங்கங்கள்தான். சங்க ஒப்பந்தத்துக்கு உரிய சம்பள விஷயத்தில் ஒர்க்ஸ் கவுன்சில் தலையிட அந்த நாட்டுச் சட்டமே பொதுவாக விடுவதில்லை. இங்குள்ள ஒர்க்ஸ் கமிட்டியும் அன்றாட உரசல்களைத் தீர்க்கத்தான். சங்கத்தின் இடத்தை அது பிடிக்க முடியாது.

டீம் லீடர் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில், சங்கம் பற்றிய அத்தியாயத்துக்கு மட்டும் தொழிலில் வேலை செய்யும் எல்லோருமே தொழிலாளிகள். ஆகவே நீங்கள் தாராளமாகச் சேரலாம். ஆனால் நாளை உங்களை நீக்கினால், மேற்பார்வை வேலையும் 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளமும் உள்ளவர் 'தொழிலாளி' இல்லை என்று நிர்வாகம் வாதாடும். நீதிமன்றம் பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை, முக்கியமாகச் செய்யும் வேலை எது என்றுதான் பார்க்கும். மெஷினில் நீங்களே ஓட்டிய ஜாப் கார்டு, ஷிஃப்ட் பதிவு எல்லாம் உங்களுக்குச் சாதகம். பிறர் லீவில் கையெழுத்துப் போடுவதும் மெமோ கொடுப்பதும் பாதகம். எங்கள் யோசனை: நீங்கள் உறுப்பினராக இருங்கள், தலைவர், செயலாளர் பதவிகளுக்கு ஆபரேட்டர்கள் வரட்டும்.

பதிவுக்கு மொத்தத் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இரண்டில் எது குறைவோ அது வேண்டும். உங்கள் ஆலையில் 34 பேர். 34 கையெழுத்தோடு போகாதீர்கள், 70 பேராவது சேர்ந்த பிறகு போங்கள். விண்ணப்பம் போட்ட செய்தி கசிந்ததும் சிலரைக் கூப்பிட்டு மிரட்டுவார்கள், சிலர் பின்வாங்குவார்கள். பதிவான பிறகும் எண்ணிக்கை 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. ஒவ்வொருவரிடமும் கையெழுத்திட்ட உறுப்பினர் படிவம் வாங்கி, எண்ணிட்ட சந்தா ரசீது கொடுங்கள். ஆலைக்கு வெளியே, ஷிஃப்ட் இல்லாத நேரத்தில் பொதுக்குழு கூட்டி, சங்கத்தின் பெயர், பைலா (சங்க விதிகள்), நிர்வாகிகள், விண்ணப்பிக்கும் அதிகாரம் எல்லாவற்றுக்கும் தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வெளியாட்கள் நிர்வாகிகளாக இருக்கலாம், ஆனால் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், எது குறைவோ அதற்கு மேல் கூடாது. பன்னேருகட்டா சாலையில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகமான கார்மிக பவனில் இப்போது நடப்பில் உள்ள படிவத்தைக் கேட்டு வாங்கி, விண்ணப்பம் கொடுத்ததற்கு முத்திரையிட்ட ஒப்புகை பெறுங்கள்.

சங்கப் பெயரில் கம்பெனி பெயர் வரக் கூடாது என்று ஆட்சேபம் வரலாம். ஸ்ரீபெரும்புதூரில் 2024 செப்டம்பரில் தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் செய்த சாம்சங் தொழிலாளர்களுக்கும் அந்தத் தகராறு வந்தது. சென்னை உயர்நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் 'சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்' என்ற பெயரிலேயே பதிவானது.

பெங்களூரில் இன்னொரு பள்ளம் உண்டு. தமிழ் பேசுபவர்கள் மட்டும் கூடித் தொடங்கினால் 'தமிழர் சங்கம்' என்று முத்திரை குத்தி ஒரே வாரத்தில் பிரித்துவிடுவார்கள். முதல் கூட்டத்திலிருந்தே கன்னடத் தோழர்களும் ஒடிசா, பீகார் தோழர்களும் நிர்வாகக் குழுவில் இருக்க வேண்டும். தீர்மானப் புத்தகம் கன்னடத்தில் இருக்கட்டும், நோட்டீஸ் எல்லா மொழியிலும் போகட்டும். இதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. வேறு சங்கமும் முளைத்தால், பேச்சுவார்த்தை உரிமையைத் தனியாகப் பெற மஸ்டர் ரோலில் (தொழிலாளர் வருகைப் பதிவேட்டில்) 51 சதவீதம், அதாவது 174 பேர் உங்களோடு நிற்க வேண்டும். தமிழர்களை மட்டும் வைத்து அந்தக் கணக்கு தேறாது. யாருக்கும் 51 சதவீதம் இல்லையென்றால் பேச்சுவார்த்தைக் குழு அமையும், அதில் ஒரு சங்கத்துக்கு உள்ள ஒவ்வொரு 20 சதவீத ஆதரவுக்கும் ஓர் இடம்.

வேலை போகுமா? சங்கத்தில் சேர்ந்ததற்காக நீக்குவதும், பழிவாங்க டிரான்ஸ்ஃபர் போடுவதும், நிர்வாகமே போட்டிச் சங்கம் வளர்ப்பதும் முறையற்ற தொழிலாளர் நடைமுறைகள். அபராதம் 10,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை. ஆனாலும் நிர்வாகம் வேறு காரணம் தேடும். கம்பெனி மெயில், லேப்டாப் எதிலும் சங்க வேலை செய்யாதீர்கள். மெமோ வந்தால் கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். டிரான்ஸ்ஃபர் வந்தால் "ஆட்சேபத்துடன் ஏற்கிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேருங்கள். போகாமல் இருந்தால் அதுவே குற்றச்சாட்டாகிவிடும். கோபத்தில் எல்லோரும் ஒரே நாளில் கேஷுவல் லீவ் போடுவது பெரிய தவறு: பாதிப் பேர் சேர்ந்து போட்டாலே வேலைநிறுத்தம், அதற்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பதிவானவுடன் 'பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்' என ஐந்து நிர்வாகிகளின் பெயரை நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து அங்கீகாரம் பெறுங்கள். சமரசப் பேச்சோ வழக்கோ நடக்கும்போது, உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் அவர்களை நீக்க முடியாது.

ஜெர்மனிக்கு எழுதலாம், ஆனால் பதிவுச் சான்றும், நிர்வாகம் பேச மறுத்த கடிதமும் கையில் வந்த பிறகு. தலைமை நிறுவனம் பெரியதென்றால், 2023 முதல் அமலில் உள்ள ஜெர்மன் விநியோகச் சங்கிலிச் சட்டத்தின்படி அது புகார் வழி வைத்திருக்க வேண்டும். சங்க உரிமை மீறலும் அதில் அடங்கும். அதோடு பெர்லினில் பொருளாதார அமைச்சகத்தில் ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) பன்னாட்டு நிறுவனங்களுக்கு வகுத்த வழிகாட்டுதல்களுக்கான தேசியத் தொடர்பு மையம் இருக்கிறது. இந்தியா அந்த வழிகாட்டுதல்களில் சேரவில்லை என்றாலும், ஜெர்மன் நிறுவனம் இங்கே செய்வதைப் பற்றி அங்கே புகார் கொடுக்கலாம். மையம் உத்தரவு போடாது, இரு தரப்பையும் பேச அழைக்கும். புகாரைத் தேதி வரிசையில் நான்கு பக்கத்துக்குள் ஆங்கிலத்தில் எழுதி, ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஆவண நகல் இணைத்து, ஐ.ஜி. மெட்டலுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.